பாடம் எளிது, துணைதான் கடினம்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் திருச்சித் தாய் ஒருவர் எழுதுகிறார்

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. பணம் இல்லாமல் நிறுத்தவில்லை, உடம்புக்கு முடியாமலும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம் என்றாலே ஆகாது என்ற வைராக்கியமும் எங்களுக்குக் கிடையாது. நானும் என் வீட்டுக்காரரும் அரசுப் பள்ளியில் படித்து மேலே வந்தவர்கள்தான். ஆனாலும் பிள்ளைகளுக்கு எழுத்தையும் எண்ணையும் நாங்களே சொல்லித்தருவது என்று முடிவெடுத்தோம். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

திருச்சியில் இப்படிச் செய்கிற குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேள்வி கேட்கிறவர்களை எண்ண முடியாது. கல்யாணப் பந்தியில், ரேஷன் கடை வரிசையில், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கையில், "பாப்பா எந்த ஸ்கூல்?" என்று ஆரம்பிப்பார்கள். "வீட்டுலயே படிக்கிறேன்" என்று மகள் சொன்னதும் முகம் என் பக்கம் திரும்பும். பரீட்சை எப்படி எழுதுவாள்? சர்டிபிகேட் யார் கொடுப்பார்கள்? எல்லாப் பாடமும் உங்களுக்குத் தெரியுமா? நாலு பேரோடு பழக வேண்டாமா?

முதல் மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது, நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். நான்காவது கேள்விதான் பல இரவுகள் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வீட்டுக்கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது துணையைப் பற்றி.

போனுக்குள் போன வகுப்பறை

மகள் எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தபோது, 2020 மார்ச்சில், பள்ளிகள் மூடப்பட்டன. ஜூனில் போனில் வகுப்பு தொடங்கியது. ஐந்து வயதுகூட ஆகாத குழந்தை, நோட்டை விரித்து கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "மிஸ், பாருங்க மிஸ்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தப் பக்கத்தில் முப்பது குழந்தைகளும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த ஆசிரியை என்ன செய்வார் பாவம்! அவருக்கு அன்றைய நிலையில் வேறு வழியில்லை. எங்கள் குழந்தைக்கு மட்டும் வேறு வழி இருந்தது. அடுப்படியில் அவளுடைய அப்பாயி, என் மாமியார், துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்ததும் அவள் அங்கே ஓடிவிடுவாள். பருப்பை ஐந்தைந்தாகக் கூட்டிவைத்து எண்ணுவாள். போனில் வராத கணக்கு அங்கே வந்தது.

தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதி திறந்தன. தெருப்பிள்ளைகள் எல்லோரும் போனார்கள். நாங்கள் இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று நிறுத்திவைத்தோம். அந்த ஒரு வருடம்தான் இப்படி நீண்டுவிட்டது.

அந்த நாட்களில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குஜராத்தில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு பாவ்நகர் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்த கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு' தமிழில் கிடைத்தது. பள்ளி ஆசிரியராக இருந்து, குழந்தைகள் ஏன் தோற்கிறார்கள் என்று 1964இல் புத்தகம் எழுதி, கடைசியில் பள்ளியைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கையே போய், 1977இல் வீட்டுக்கல்விக்கென்று பத்திரிகை தொடங்கிய அமெரிக்கர் ஜான் ஹோல்ட்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1939இல் சென்னை அடையாற்றுக்குப் பயிற்சி கொடுக்க வந்த மரியா மாண்டிசோரி, உலகப் போரால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல், கொஞ்ச காலம் நம் கொடைக்கானலில்தான் குழந்தைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இந்த மூவரில் ஹோல்ட் ஒருவர்தான் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னவர். மற்ற இருவரும் பள்ளியை நல்ல இடமாக மாற்றப் பாடுபட்டவர்கள். என் மனம் அந்த இருவர் பக்கம்தான் சாய்ந்தது. ஆனாலும் நான் செய்தது ஹோல்ட் சொன்னதை. அவர்கள் சொன்ன பள்ளி எங்கள் பக்கத்தில், எங்கள் கைக்கு எட்டும் கட்டணத்தில், இல்லை.

எத்தனை மணி நேரம் படிக்கிறார்கள்?

காலையில் இரண்டு மணி நேரம். கேட்கிறவர்கள் நம்புவதில்லை. அவர்களுக்கு நான் சட்டத்தைத்தான் காட்டுவேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். அதுவும் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில். முப்பது நோட்டைத் திருத்தி, முப்பது பேரை வரிசையில் நிறுத்தி, முப்பது பேர் சந்தேகத்தையும் தீர்க்க ஆகும் நேரமும் அந்த நான்கு மணிக்குள் அடக்கம். எனக்கு இரண்டே பிள்ளைகள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்தால் அவர்கள் நெளிவார்கள், நான் கத்துவேன். அதோடு படிப்பு கெட்டுப்போகும்.

பாடப்புத்தகம் தமிழ்நாடு அரசுடையதுதான். இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், அச்சிட்டதும் கடையில் கிடைக்கும். வெளிநாட்டுப் பாடத்திட்டம் வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற குடும்பங்களும் உண்டு. எங்களுக்கு அதற்கு வசதியும் இல்லை, தேவையும் தெரியவில்லை. தமிழ், கணக்கு, ஆங்கிலம் மூன்றும் காலையில். அறிவியலும் சமூக அறிவியலும் மத்தியானத்துக்கு மேல், யார் கையில் எது சிக்குகிறதோ அதை வைத்து.

மகளுக்கு எழுத்து சீக்கிரம் பிடிபட்டது. மகனுக்கு அப்படி இல்லை. அ, ஆ என்று தொடங்கினால் அந்தச் சுழியிலேயே அவன் கை நின்றுவிடும். அதனால் ட, ப, ம, ய என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்கினேன். 'படம்' என்று எழுதத் தெரிந்த அன்று சுவரெல்லாம் படம்தான். ஆனால் எழுதுவது வேறு, வாசிப்பது வேறு. ஆறு வயது முடிந்தும் அவன் ஒரு வரியைச் சேர்த்து வாசிக்கவில்லை.

"ஏம்மா, பக்கத்து வீட்டுப் பையன் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். இவன் இன்னும் எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கானே" என்றார் மாமியார்.

"கூட்டட்டும் அத்தை. கூட்டத் தெரிஞ்சா போதும், ஓடுறது தானா வரும்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது, உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான்.

அவனுக்கு வாசிப்பு வந்தது புத்தகத்தில் அல்ல, பஸ்ஸில். சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றால் வண்டி வந்துகொண்டே இருக்கும். பெயர்ப்பலகை நகர்வதற்குள் வாசிக்க வேண்டும் என்பது அவனே வைத்துக்கொண்ட பந்தயம். சமயபுரம் சுலபமாக வந்தது. திருவெறும்பூரில் 'ற'வா 'ர'வா என்று அக்காவிடம் சண்டை. 2025இல் பஞ்சப்பூர்ப் பேருந்து முனையம் இயங்கத் தொடங்கியபோது அவனுக்கு 'ஞ்' கிடைத்தது. அந்த எழுத்தை எந்த அட்டையை வைத்தும் என்னால் அவன் மனத்தில் நிறுத்த முடிந்ததில்லை.

ஒரு பிள்ளை ஐந்து வயதில் வாசிக்கிறது, இன்னொன்று ஏழு வயதில் வாசிக்கிறது என்றால், இரண்டும் வாசிக்கிற பிள்ளைகள்தான். பின்லாந்தில் முதல் வகுப்பே ஏழு வயதில்தான். மூன்று வயதில் எல்.கே.ஜி. நேர்காணலுக்குக் குழந்தையைத் தயார்செய்கிற நம் ஊர்ப் பதற்றத்தைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. சேர்க்கைக்கு எந்தத் தேர்வும் வைக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

மேட்டூர் சொல்லிக்கொடுத்த கணக்கு

மகளின் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டுக்கல்வியில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

எங்கள் வீட்டில் தினமும் பேப்பர் வாங்குகிறோம். அதில் மேட்டூர் அணை நீர்மட்டம் தினமும் வரும். என் மாமனார் விவசாயி. அவர் இருந்தவரை முதலில் பார்த்தது அந்தக் கட்டத்தைத்தான். அந்தப் பழக்கம் வீட்டில் நின்றுவிடவில்லை. ஒருநாள் மகள் கேட்டாள்: "அம்மா, 98.20 அடின்னு போட்டிருக்கே, அது என்ன புள்ளி?" தசமப் புள்ளி அன்றைக்கு வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் அதற்கு இன்னும் நாள் இருந்தது.

அப்புறம் கட்டம் போட்ட தாள் வாங்கினோம். கீழே தேதி, பக்கவாட்டில் அடி. தினமும் காலையில் ஒரு புள்ளி. அணையின் முழு உயரம் 120 அடி என்பதால் தாளில் 120க்கு மேல் ஒரு சிவப்புக் கோடு. குறுவைக்கு வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி அணையைத் திறப்பார்கள். திறந்த தண்ணீர் இரண்டு மூன்று நாளில் முக்கொம்புக்கு வந்து, அங்கே காவிரி, கொள்ளிடம் என்று பிரிந்து, கல்லணைக்குப் போகும். 2024இல் ஜூன் 12 வந்தது, அணை திறக்கவில்லை. தண்ணீர் இல்லை. ஜூலைத் தொடக்கத்தில் மட்டம் 40 அடியை ஒட்டிக் கிடந்தது. தாளின் அடியிலேயே ஊர்ந்துகொண்டிருந்த கோடு, கர்நாடகத்தில் மழை பிடித்ததும் நிமிர்ந்தது. ஜூலை 28இல் அணை திறந்தார்கள், 30ஆம் தேதி 120 அடி. அந்த மாதம் அவள் போட்ட கோடு மாடிப்படி மாதிரி இல்லை, சுவர் மாதிரி நின்றது. "ஏன் இவ்வளவு செங்குத்தா இருக்கு?" என்று அவளே கேட்டு, "நாளுக்கு நாள் வித்தியாசம் பெருசா இருக்கு, அதனால" என்று அவளே சொன்னாள். கோட்டின் சாய்வு என்றால் என்ன என்று பெரிய வகுப்பில் படிப்பார்களே, அதுதான் அது.

பிறகு டி.எம்.சி. என்ன என்று தேடினோம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. விநாடிக்கு இத்தனை கன அடி வருகிறது என்று பேப்பரில் போடுகிறார்களே, அதை வைத்து ஒரு டி.எம்.சி. சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நாளைக்கு 86,400 விநாடி என்று அவளும் அவள் அப்பாவும் ராத்திரி உட்கார்ந்து பெருக்கினார்கள். விநாடிக்கு ஏறத்தாழ 11,500 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. நிரம்பும் என்று வந்தது. காவிரிப் பேச்சு டிவியில் வந்தால் இப்போது அவள் எழுந்து போவதில்லை.

வகுப்பறையில் இதைச் செய்ய முடியாதா? முடியும். செய்கிற ஆசிரியர்களை நான் அறிவேன். ஆனால் ஒரே கேள்வியை மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டு போகும் அவகாசம் அவர்களுக்கு வாய்ப்பது அபூர்வம். வீட்டுக்கல்வியில் எங்களுக்குக் கிடைத்த பெரிய செல்வம் அந்த அவகாசம்தான்.

மகனுக்குப் பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. அப்பாயிதான் வாத்தியார். ஐந்தாம் வாய்ப்பாட்டை அவன் ஒப்பித்துப் படிக்கவே இல்லை.

யார் தலையில் விழுகிறது?

இதையெல்லாம் கேட்டு யாராவது மனம் மயங்குவதற்கு முன், இதை யார் சுமக்கிறார்கள் என்று சொல்லிவிட வேண்டும். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். விட்டுவிட்டேன். சம்பளம் போனது, பி.எஃப். நின்றது, பதவி உயர்வு இல்லை. இப்போது ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு சில சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுக்கொடுக்கிறேன். அதில் வருவது பழைய சம்பளத்தில் கால்வாசி. வீட்டுக்காரருக்கு ஒரு பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. ஒருவர் வருமானத்தில் வீடு ஓடுகிறது. எனக்குத் தெரிந்த வீட்டுக்கல்விக் குடும்பங்களில் வேலையை விட்டவர் எல்லா இடத்திலும் அம்மாதான். ஓர் அப்பாவைக்கூட நான் பார்க்கவில்லை. நாங்கள் மனசொத்துத்தான் முடிவெடுத்தோம், ஆனால் விலை கொடுத்தது நான். இதை மறைத்துவிட்டு வீட்டுக்கல்வியைப் புகழ்வது நியாயமில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு டீச்சர் திட்டினால் வந்து சொல்ல அம்மா இருக்கிறாள். அம்மாவே டீச்சர் என்றால் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? எங்கள் வீட்டில் அந்த இடத்தை மாமியார் பிடித்துக்கொண்டார். நான் குரலை உயர்த்தினால் மகன் அப்பாயி பின்னால் போய் நின்றுகொள்வான். "போதும்மா, இன்னிக்கு இத்தோட விடு" என்பார். நான் விட்டுவிடுவேன். வீட்டில் இன்னொரு பெரியவர் இல்லாமல், ஒருத்தி மட்டும் இருபத்து நான்கு மணி நேரமும் தாயாகவும் ஆசிரியையாகவும் இருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்டம் எங்கே நிற்கிறது?

2002இல் வந்த 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இரண்டு காரியம் செய்தது. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வியைக் குழந்தையின் அடிப்படை உரிமை ஆக்கியது. அந்த வயதுக் குழந்தைக்குக் கல்வி வாய்ப்பைத் தருவது பெற்றோரின் கடமை என்று 51ஏ பிரிவில் சேர்த்தது. 2010 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமோ, குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று 10ஆவது பிரிவில் சொல்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை. 'கட்டாயம்' என்பதை அது அரசின் மீது சுமத்துகிறது: பள்ளி தருவதும், சேர்ப்பதும், படிப்பை முடிக்கவைப்பதும் அரசின் பொறுப்பு. வீட்டுக்கல்விக்கு அனுமதி என்றோ தடை என்றோ நேராக ஒரு வரியும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

சான்றிதழுக்கு வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989இலிருந்து இயங்குகிறது. 14 வயதானால் அதன் வழியே பத்தாம் வகுப்பு எழுதலாம். அதற்குக் கீழே 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளும் உண்டு. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். முதல் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது என்றேனே, அதில் பரீட்சைக்கும் சர்டிபிகேட்டுக்குமான பதில் இதுதான்.

ஆனால் இழப்பதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதே வகுப்புகளை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீதம் இருக்கிறது. அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும், பள்ளிதான் தர வேண்டும். என் பிள்ளைகள் தமிழில்தான் எல்லாமே படித்தார்கள். அதற்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை.

நாலு பேர் என்றால் எந்த நாலு பேர்?

இனி அந்த நான்காவது கேள்விக்கு வருகிறேன்.

தொடக்கத்தில் வீட்டுக்கல்விக் குடும்பங்களைத் தேடிப் போனேன். மாதம் ஒருமுறை கூடினோம். நல்ல மனிதர்கள், பிள்ளைகள் நன்றாகவே ஒட்டிக்கொண்டார்கள். மூன்று நான்கு கூட்டத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று உறுத்தியது. எல்லோரும் காரில் வந்தார்கள். பெரும்பாலும் கணினித் துறை, பிள்ளைகளுக்குள் பேச்சு ஆங்கிலம். யாரும் யாரிடமும் சாதி கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தது. இவர்களோடு மட்டும் பழகினால் என் பிள்ளைகளுக்கு ஊர் எப்படித் தெரியும்?

பழைய திண்ணைப் பள்ளியை நினைத்துப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. மணலில் எழுதி, சுவடி படித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேகத்தில் பாடம் நடந்தது என்பார்கள். அந்தத் திண்ணையில் ஏற எல்லாப் பிள்ளைக்கும் இடம் இருக்கவில்லை. அந்த நிலையை மாற்றியது ஊருக்கு ஊர் வந்த பொதுப்பள்ளியும், அங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட சோறும். காமராஜர் காலத்து மதிய உணவை எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்ததும் எங்கள் திருச்சிப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில்தான், 1982 ஜூலை 1ஆம் தேதி. என் வீட்டுக்காரர் அந்தச் சத்துணவைச் சாப்பிட்டுப் படித்தவர். வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தான் இன்றும் அவருக்கு உயிர்ச் சிநேகிதர்கள். அவர் வீட்டுத் திண்ணையில் ஏற அந்த நாளில் அனுமதி இல்லாதவர்களும் அதில் உண்டு. அந்த வரிசையிலிருந்து என் பிள்ளைகளை நான் எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்கு ஈடு செய்ய வேண்டியது என் பொறுப்பு.

வழி எதிர்பாராமல் வந்தது. 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பைச் சாயங்காலங்களில் தெருவிலேயே சொல்லித்தர தன்னார்வலர்கள் வேண்டும் என்றார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. நான் பெயர் கொடுத்தேன். பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கொத்தனார் மகன், தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவரின் மகள், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரின் இரட்டைப் பிள்ளைகள். என் மகள் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள், மகன் ஓடியாடிக்கொண்டே கூட்டத்தைக் கலைத்தான். பின்னாளில் திட்டத்தில் மையங்கள் குறைந்தன. எங்கள் வாசலில் அந்தக் கூட்டம் நிற்கவில்லை. இன்றைக்கும் ஆறு மணிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளிடமிருந்து என் மகள் கற்றுக்கொண்டதை நான் சொல்லித்தந்திருக்க முடியாது. விட்டுக்கொடுக்காமல் சண்டை போடுவது, சண்டை போட்ட மறுநாள் பேசிவிடுவது, கேலியைத் தாங்குவது, தனக்குத் தெரிந்ததைத் தெரியாதவர் மனம் கோணாமல் சொல்வது. மார்க்கெட்டுக்காரரின் பிள்ளைகளில் ஒருவன் மனக்கணக்கில் புலி. மேட்டூர்க் கணக்கை அவளுக்கு முன்பே அவன் போட்டுவிட்டான். அன்று அவள் அழுதாள். அந்த அழுகை அவளுக்கு நல்லது செய்தது.

இருந்தாலும் சாயங்காலத்து இரண்டு மணி நேரம் ஒரு முழுநாள் ஆகாது. தெருவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் ஏழு மணிவரை, சனிக்கிழமையும் சிறப்பு வகுப்பு. பகல் முழுக்க என் மகன் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாத தெருவைப் பார்த்து நிற்பான். இதற்கு நான் எந்தப் புத்தகத்திலும் தீர்வு காணவில்லை.

ஒரு படிவமும் ஒரு கோரிக்கையும்

கோடைக்கு முன் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீடு வீடாக வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஆசிரியை, நல்ல வெயிலில் குடை பிடித்து நடந்து வந்தவர், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மகளிடம் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். கணக்குக் கேட்டார். நோட்டைப் புரட்டினார். பிறகு என்னிடம், "நல்லாப் படிக்குதுங்க. ஆனா இதுல வீட்டுல படிக்கிறாங்கன்னு எழுத இடமே இல்லையே, என்னன்னு எழுதட்டும்?" என்றார். வேலைக்குப் போகும் குழந்தை, இடம்பெயர்ந்த குடும்பத்துக் குழந்தை, சேர்க்கப்படாத குழந்தை என்ற கட்டங்களுக்குள் எங்கள் பிள்ளைகளை அடைக்க வேண்டியிருந்தது.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் வந்தது எனக்கு ஆறுதல். யாரும் வந்து பார்க்காத வீட்டில் பிள்ளை என்ன ஆகிறது என்பது யாருக்கும் தெரியாது. வீட்டுக்கல்வி என்ற பெயரில் பெண்பிள்ளையை அடுப்படியில் நிறுத்தலாம், பையனைக் கடையில் உட்காரவைக்கலாம், அடிக்கலாம், பதினைந்து வயதில் கல்யாணம் பேசலாம். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று விலக்குத் தருகிறது. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் 'பள்ளி நேரம்' எது? எங்களைப் போன்ற பெற்றோர் சிலர், அரசு எங்கள் பக்கம் எட்டியே பார்க்கக் கூடாது என்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. பார்க்க வேண்டும், வருடம் தவறாமல் பார்க்க வேண்டும். பின்லாந்தில் பெற்றோர் பிள்ளையை வீட்டில் படிக்கவைக்கலாம், ஆனால் உள்ளாட்சி அந்தப் பிள்ளையின் முன்னேற்றத்தைக் கண்காணிக்கும். நமக்கும் அது பொருந்தும்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பக்கத்து அரசுப் பள்ளியில் பதிவு செய்யவையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஓர் ஆசிரியர் வந்து பிள்ளையோடு தனியாகப் பேசட்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு எங்கள் பிள்ளைகளின் கண்ணையும் பல்லையும் பார்க்கட்டும். அந்தப் பள்ளியின் நூலகமும் மைதானமும் ஆண்டு விழாவும் இவர்களுக்கும் திறக்கட்டும். வாரத்தில் ஒருநாள் அங்கே போய் உட்காரவும் விளையாடவும் அனுமதித்தால் என் மகனுக்குப் பாதிக் குறை தீரும்.

மகள் வருகிற ஜூனில் ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேரப்போகிறாள். முடிவு அவளுடையது. சாயங்காலம் வருகிற பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குத்தான் போகிறார்கள், அதுதான் காரணம். பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகத் திருப்பியனுப்ப முடியாது. தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டோம். மகன் இப்போதைக்கு வீட்டில்தான். அவன் அக்கா வயதுக்கு வரும்போது அவனும் சொல்லட்டும்.

இதைப் படித்துவிட்டு வீட்டுக்கல்வியை யோசிக்கும் பெற்றோர் இருப்பீர்கள். பாடத்திட்டம் தேடுவதற்கு முன் உங்கள் தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். பகல் பத்து மணிக்கு உங்கள் பிள்ளையோடு விளையாட யார் இருக்கிறார்கள், சாயங்காலம் உங்கள் வாசலில் உட்கார யார் வருவார்கள், வருகிறவர்களில் உங்களைப் போல் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதன்பிறகு புத்தகத்தைத் திறங்கள். அந்த ஏற்பாடு செய்ய முடியாது என்று தோன்றினால், பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, மேட்டூர்க் கணக்கை ராத்திரியில் போடுங்கள்.